இருபத்து மூன்றாம் பீப்பாய்

வெய்ன்பேக்,
9 பிப்ரவரி 1959

அன்புள்ள வலேருக்கு,

உங்கள் ஒடில் எழுதுவது. இடுப்பு வலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. கடல் காற்றில் உங்கள் இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது என்று நீங்கள் தங்கியிருக்கும் நோயாளர் விடுதிக் கன்னியாஸ்திரீ ஒருவர் சீட்டு எழுதியிருக்கிறார். சந்தோஷம். அதை ஏன் நீங்களே எழுதவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதினொரு வரிகள், அதில் எட்டு வரிகள் நம் நிலவறை வேலைக்காரன் கமீலைப் பற்றி. போன வருடத்துப் பியர் கலவை கெட்டுப்போனதற்கு அவன்தான் காரணம், தவறான பீப்பாயைத் திறந்து ஊற்றிவிட்டான், மார்ச் பத்தொன்பது சூசையப்பர் திருநாளுக்குள் அவனை வேலையை விட்டு அனுப்பிவிடு, வீட்டையும் காலி செய்யச் சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். என் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகட்டும்.

புட்டிகள் திரும்பி வந்துகொண்டுதான் இருக்கின்றன. நேற்று பூசை முடிந்து வெளியே வந்ததும் கோயிலுக்கு எதிரே கடை வைத்திருக்கும் மெலனி என்னைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் முன்னாலும், “ஒடில், உன் வீட்டுக்காரரு பியரை சாலட்ல ஊத்தலாம், மனுஷன் வாயில ஊத்த முடியாது! நாப்பது புட்டி கட்டி வச்சிருக்கேன், வண்டி அனுப்பு” என்று கத்தினாள். பங்குச் சாமியார் காதில் விழாதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கிறிஸ்துமஸுக்கு ஆறு புட்டி கொடுத்தோம் என்பது நினைவிருக்கிறதா?

வீட்டுக்கு வந்து நானும் ஒன்றைத் திறந்து பார்த்தேன். மெலனி பொய் சொல்லவில்லை. தக்கையை எடுத்ததுமே கண்ணில் நீர் வந்தது. நம் பியர் புளிக்கும்தான், புளிப்புக்காகத்தான் நம்மிடம் வருகிறார்கள். இது அந்தப் புளிப்பு இல்லை, சுத்த வினிகர். ஒரு வருடப் பீப்பாய், இரண்டு வருடப் பீப்பாய், மூன்று வருடப் பீப்பாய் என்று முகர்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கலப்பது உங்கள் மூக்கு. பிரஸ்ஸல்ஸ் வரையில் “வலேர் மூக்கு” என்று சொல்லித்தானே வாங்குகிறார்கள்? அந்த மூக்குக்குத் தப்பி இப்படி ஒரு சனியன் உள்ளே போயிருக்கிறது என்றால் யாரோ வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும். அந்த அளவில் நீங்கள் கடிதத்தில் சொன்னது நியாயம்தான்.

கமீலை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. பத்தொன்பது வருடமாக நம் பீப்பாய்களோடு வாய் ஓயாமல் பேசுகிறவன், என்னிடம் பத்தொன்பது வாக்கியம் பேசியிருக்க மாட்டான். நான் நிலவறைக்குள் காலெடுத்து வைத்தால் அவன் வாய் மூடிக்கொள்கிறது. இப்போது நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் அவன் என்ன செய்கிறான் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல், கையில் ஒரு கண்ணாடித் தம்ளரோடு உள்ளே போகிறான். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வருகிறான். ஞாயிற்றுக்கிழமையில் அவனுக்கு அங்கே என்ன வேலை? யாருக்காக நல்ல பீப்பாயாகப் பார்த்து வைக்கிறான்? ஹாலே சந்தையில் வேறொரு ஆலையின் வண்டிக்காரனோடு அவன் நின்று பேசியதைப் பார்த்ததாக உங்கள் தம்பி ஃபிர்மின் வேறு சொல்கிறார். ஃபிர்மின் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவது வழக்கம், இந்த முறை முக்கால்வாசியை நம்புகிறேன்.

ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காமல் நான் யாரையும் தெருவில் நிறுத்த மாட்டேன். அவன் மனைவி ஸுல்மாவுக்கு ஐந்து குழந்தைகள், கடைசியது இன்னும் நடக்கவில்லை. ஆகவே சூசையப்பர் திருநாள் வரைக்கும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கப்போகிறேன். பிடிபட்டால் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.

இன்னொன்று. அதே கன்னியாஸ்திரீயின் சீட்டில், உங்களோடு தினமும் சீட்டு விளையாட ஓஸ்டெண்டிலிருந்து ஒரு விதவை அம்மாள் கிடைத்திருக்கிறார் என்று இருந்தது. நல்லது. அந்த அம்மாள் வாசனைத் தைலம் பூசிக்கொள்வாரா? போன செப்டம்பரில், நமது இருபத்தைந்தாவது திருமண நாளன்று, பிரஸ்ஸல்ஸில் வாங்கிய தைலத்தைப் பூசிக்கொண்டு உங்கள் பக்கத்தில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசினீர்கள். அதை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

கம்பளிப் பனியனைக் கழற்றாதீர்கள். ஆண்டவர் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
ஒடில்

*

வெய்ன்பேக்,
23 பிப்ரவரி 1959

அன்புள்ள வலேருக்கு,

உங்கள் இரண்டாவது கடிதம் வியாழக்கிழமை வந்தது. தபாலில் எழுதாமல் போன் போட்டுப் பேசியிருக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டால் தொலைபேசி நிலையத்தில் இருப்பவள் கேட்பாள், அவளிடமிருந்து மெலனிக்குப் போகும், பிறகு நான் நேராகக் கோயில் மணிக்கூண்டில் ஏறி நின்று கத்துவதே மேல்.

முதலில் வேலையைப் பற்றி. வெள்ளிக்கிழமை காய்ச்சினோம். கோதுமையும் பார்லியும் சரியாக வெந்தன. கெடாமல் இருக்கப் பழைய ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, சாயங்காலம் மாடியில் இருக்கும் செப்புத் தொட்டிக்கு ஏற்றியாயிற்று. கமீல் கூரைச் சன்னல்களில் வடக்குப் பக்கம் மூன்றையும் மேற்கில் ஒன்றையும் திறந்து வைத்தான். மேற்கில் ஏன் ஒன்று மட்டும் என்று கேட்டேன். “பன்னிக் கொட்டாய் காத்து அந்தப் பக்கமா வருது, முதலாளியம்மா” என்றான். காலையில் பார்த்தபோது சாறு நன்றாக ஆறியிருந்தது. புளிக்கவைக்கக் காற்று என்ன கொண்டுவந்து போட வேண்டுமோ அதைப் போட்டாயிற்று. பீப்பாய்களில் இறக்கிவிட்டோம். இன்றைக்கு மூன்றாம் நாள், இன்னும் நுரை கிளம்பவில்லை, கிளம்பவும் கூடாது. மூன்றாம் நாளே பொங்கினால் யாரோ ஈஸ்ட் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்காக ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கிறேன்.

ஏன் என்றால் ஃபிர்மின் சனிக்கிழமை காரில் வந்திருந்தார். புதுத் தொப்பி. காபி குடித்துக்கொண்டே, “அண்ணி, இந்தக் காலத்துல காத்துல வர்றதை நம்பி யாராவது பியர் காய்ச்சுவாங்களா? ஒரு பொட்டலம் ஈஸ்ட், ஒரு மூட்டை சர்க்கரை, மூணே வாரம். போன வருஷம் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்கு வந்தவன் பூரா என்ன குடிச்சான்? இனிப்பு!” என்றார். நம் வீட்டில் ஈஸ்ட் என்ற சொல்லை ரொட்டிக்காரரிடம் மட்டும்தான் சொல்வோம் என்றேன். சிரித்தார். பிறகு நிலவறைக்குள் போய், ஒரு துடைப்பத்தை எடுத்துப் பீப்பாய்களுக்கு மேலே இருக்கும் சிலந்தி வலையை அடிக்கப் போய்விட்டார். கமீல் ஓடிவந்து துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டான். “சின்ன முதலாளி, இதுங்க இல்லன்னா கொசு, ஈ பூரா பீப்பாய்ல விழும். இதுங்களுக்கும் இங்க வேலை இருக்கு, சம்பளம்தான் கெடையாது” என்றான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான பேச்சு அது. ஃபிர்மினுக்கு முகம் சிவந்துவிட்டது. “அடுத்த மாசம் இந்த நேரம் நீ எங்க இருக்கேன்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டார். நான் அவரைத் தடுப்பதற்குள் சொல்லிவிட்டார். கமீல் என்னை ஒரு முறை பார்த்தான், துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். கமீல் இடத்துக்கு ஃபிர்மினிடம் ஏற்கெனவே ஒரு ஆள் தயாராக இருக்கிறான் என்பது அன்றைக்கு அவர் கிளம்பும்போது சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?

இனி நான் கண்டுபிடித்தவை. சனிக்கிழமை சாயங்காலம், பீப்பாய்களின் முகத்தில் இருக்கும் சின்ன மர ஆப்புகள் எல்லாவற்றின் மேலும் ஒரு பொட்டு மெழுகு வைத்தேன். ருசி பார்க்க வேண்டுமென்றால் ஆப்பைப் பிடுங்கத்தானே வேண்டும்? ஞாயிறு மத்தியானம் போய்ப் பார்த்தால் முப்பத்தொரு பீப்பாயில் பத்தொன்பதில் மெழுகு உடைந்திருந்தது. வசமாக மாட்டினான் என்று நினைத்தேன். ஆனால் ஓரத்தில் இருந்த வாளியைப் பார்த்தால், எடுத்தது எல்லாவற்றையும் துப்பியிருக்கிறான். ஒவ்வொன்றிலும் ஒரு வாய்க்கு மேல் எடுக்கவில்லை. குடிகாரனாக இருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். குடிக்காமல், விற்காமல், ஞாயிற்றுக்கிழமையில் பத்தொன்பது பீப்பாயை முகர்ந்து பார்த்துத் துப்புகிறவனை என்னவென்று சொல்வது?

அதைவிடப் பெரிய விஷயம் இருபத்து மூன்றாம் பீப்பாய். போன வருடக் கலவையில் சேர்த்த, மூன்று வருடம் பழசான பீப்பாய்களில் அதுவும் ஒன்று என்று உங்கள் நோட்டில் இருக்கிறது. கால்வாசி இன்னும் மிச்சம் இருக்கிறது. அதன் முகத்தில் சாக்பீஸ் குறி எதுவும் இல்லை. மற்ற முப்பதிலும் தேதி இருக்கிறது, எடுக்கலாம் என்றால் சிலுவை, பொறுக்க வேண்டும் என்றால் வட்டம் இருக்கிறது. இதில் மட்டும் ஈரத் துணியால் துடைத்த தடம். சிலந்திகூட அழிக்காத குறியை அழித்தது யார்? கேட்டேன். “நான்தான் தொடச்சேன்” என்றான் கமீல். எதற்கு என்றேன். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு ஆத்திரம் வந்தது. குற்றம் செய்யாதவன் ஏன் தடயத்தை அழிக்க வேண்டும்?

அந்த நிமிடமே அனுப்பியிருப்பேன். உங்கள் கடிதம்தான் தடுத்தது. நீ நிலவறைக்குள் போகாதே, உனக்குச் சளி பிடிக்கும், எந்தப் பீப்பாயையும் திறந்து ருசி பார்க்காதே, அவனிடம் ஒன்றும் கேட்காதே, ஃபிர்மினை சாட்சிக்கு வைத்துக்கொண்டு அனுப்பிவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். “கேட்காதே” என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். திருமணமாகி இருபத்தைந்து வருடத்தில் எனக்குச் சளி பிடிக்கும் என்று நீங்கள் ஒரு முறைகூடக் கவலைப்பட்டதில்லை, வலேர். நான் ஏன் கேட்கக் கூடாது?

இப்போது எனக்கு இரண்டு பேர் மேல் சந்தேகம். ஒருவன் பெயரை எழுதிவிட்டேன். இன்னொருவருக்கு இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தவக்காலத்தில் இப்படியெல்லாம் நினைப்பது பாவம்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
ஒடில்

*

வெய்ன்பேக்,
13 மார்ச் 1959

அன்புள்ள வலேருக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். சீட்டாடும் இடத்தில் பிரிக்க வேண்டாம்.

பதினெட்டு நாளாக உங்களிடமிருந்து பதில் இல்லை. கோபம் என்று முதலில் நினைத்தேன். கோபம் வந்தால் உங்களுக்கு எழுத்துப் பெரிதாகுமே தவிர எழுதாமல் இருக்க மாட்டீர்கள். ஆகவே பயம் என்று புரிந்தது. உங்களுக்கு என்ன பயம் என்றுதான் புரியவில்லை. நேற்றுக் காலையில் புரிந்துவிட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை ஸுல்மா தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் வேலியோரம் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளாகவே, “எங்கள அனுப்பப் போறீங்களாமே, முதலாளியம்மா. ஈஸ்டருக்கு முன்னாடியா, அப்புறமா? சொல்லிட்டீங்கன்னா பாத்திரத்தைக் கட்ட ஆரம்பிப்பேன்” என்றாள். ஃபிர்மின் தெருவில் வைத்தே அவளிடம் சொல்லிவிட்டாராம். பேச்சை மாற்றுவதற்காக, கமீலுக்கு உடம்பு எப்படி இருக்கிறது, குடலிறக்கத்துக்கு அறுவை செய்த இடம் இப்போது வலிக்கிறதா என்று கேட்டேன். “ஒரு வருஷம் ஓடிப்போச்சு. போன பிப்ரவரி பத்தாந்தேதி ஹாலே ஆஸ்பத்திரியில சேத்தேன், இருபத்தி நாலாந்தேதிதான் வீட்டுக்கு வந்தாரு. அந்த ரெண்டு வாரம் இந்த வீட்டுல ஒரு மனுஷனும் எட்டிப் பாக்கல” என்றாள். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். அது உண்மைதான், நான் போகவில்லை.

வீட்டுக்குள் வந்து உங்கள் நோட்டைப் பிரித்தேன். கலவை போட்டது பிப்ரவரி பதின்மூன்று, பதினான்கு. கமீல் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்த நாட்கள். தவறான பீப்பாயை அவன் எப்படித் திறந்து ஊற்றினான், வலேர்? ஹாலேயிலிருந்து கையை நீட்டியா?

அப்போதும் கலவையைக் கெடுத்தது நீங்கள் என்று நான் நினைக்கவில்லை. கெட்ட புத்தி, அவன்மேலேயே போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே குறியை மாற்றி வைத்துவிட்டுப் போயிருப்பான், அதை நம்பி நீங்கள் கலந்துவிட்டீர்கள், திரும்பி வந்து அதை அழித்துவிட்டான் என்று நானே ஒரு கதை கட்டினேன். நல்ல கதை. ஒரே ஒரு ஓட்டை. குறியை நம்பி நீங்கள் கலக்கிறவர் இல்லை. முகர்ந்து பார்க்காமல் ஒரு சொட்டையும் சேர்க்க மாட்டீர்கள்.

நேற்றுக் காலை எட்டு மணிக்குக் கமீலைக் கூப்பிட்டு, வசந்தக் கலவைக்கு நானே பீப்பாய் பார்க்கப்போகிறேன், ஆப்பைப் பிடுங்கி ஊற்றிக் கொடு என்றேன். சுத்தியலையும் தம்ளரையும் எடுத்துக்கொண்டு வந்தான். நான்காம் பீப்பாய். ஊற்றிக் கொடுத்தான். தம்ளரை மூக்குக்குக் கொண்டுபோகிறேன், அதற்குள் சுத்தியல் பிடியால் பீப்பாயை ஒரு தட்டுத் தட்டினான். எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்கிறான் போலும் என்று விட்டுவிட்டேன். முகர்ந்தேன், அருமையாக இருந்தது. ஒன்பதாம் பீப்பாய். அது இன்னும் கொழகொழவென்று எண்ணெய் மாதிரி விழுகிற நோய்க் காலத்தில் இருந்தது, தானாகத் தெளியும் வரை பொறுக்க வேண்டும். நான் வாயில் வைப்பதற்குள் இரண்டு தட்டு. பதினான்காம் பீப்பாய், ஒரு தட்டு. அதுவும் நன்றாக இருந்தது. நான் பெண்பிள்ளை என்று எனக்குச் சொல்லிக்கொடுக்கிறானா, அல்லது யாருக்காவது சமிக்ஞை கொடுக்கிறானா என்று கதவுப் பக்கம்கூடத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஏன் தட்டுகிறாய் என்று கேட்டேன். காது நுனி வரையில் சிவந்து, “பழக்கம்” என்றான்.

நேராக இருபத்து மூன்றுக்குப் போனேன். ஊற்றச் சொன்னேன். ஊற்றினான். மூன்று தட்டு. தம்ளர் இன்னும் என் இடுப்பளவில்தான் இருந்தது, அதற்குள்ளேயே அந்த வினிகர் நெடி மூக்கில் ஏறிவிட்டது. அவனை மடக்க இதுதான் சமயம் என்று, முகத்தை மாற்றாமல், அடடா, என்ன மணம், இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்றேன். ஆமாம் என்று தலையாட்டினால் அயோக்கியன், அங்கேயே கணக்குத் தீர்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.

அவன் தலையாட்டவில்லை. கையிலிருந்த சுத்தியல் கீழே விழுந்தது. என்னைப் பார்த்து, “முதலாளியம்மா... உங்களுக்குமா?” என்றான்.

அவ்வளவுதான். அந்த ஒரு “உம்” போதும் எனக்கு. அவனும் உடனே வாயைக் கையால் பொத்திக்கொண்டான், ஆனால் அது வெளியே வந்துவிட்டது.

வேறு யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்துகொண்டேன். அந்த நிமிடத்தில், ஒரு வருடத்துக்கும் மேலாக என் கண்ணில் பட்டும் படாமலும் போனது எல்லாம் வந்து முன்னால் நின்றது. அடுப்பில் பால் தீய்ந்து வீடு முழுக்கப் புகை, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தது. முயல் கறிக்குக் கடுகுச் சாந்தை மலை மலையாக அள்ளிப் போட்டுக்கொண்டு, இன்னும் காரம் போதவில்லை என்று சண்டை போட்டது. பூனை அசிங்கம் செய்த செருப்பை மாட்டிக்கொண்டு பூசைக்குக் கிளம்பியது. நான் அன்றைக்கு உங்களை எவ்வளவு கேலி செய்தேன்! அந்தத் தைலமும்தான். ஆறு மாதமாக உங்கள் மனதில் வேறு யாரோ பெண் என்று ஒவ்வொருத்தியையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன், வலேர். ஹாலே பூக்கடைக்காரியை, ஓஸ்டெண்ட் விதவையை, ஒரு கட்டத்தில் மெலனியைக்கூட. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது உங்கள் மூக்குக்குத் தெரியவே இல்லை. அது தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்க மாட்டேன், அந்த நிலவறையில் உட்கார்ந்துகொண்டு சிரித்துவிட்டேன். கமீல் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். பிறகு அழுதேன்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். “ஐம்பத்தேழுல ஊரையே போட்டுச்சே ஒரு காய்ச்சல், அதுக்கப்புறம்” என்றான். நீங்கள் இருவரும் பேசி ஏற்பாடு செய்துகொண்டதா என்றேன். “பேசினதே இல்லீங்க. ஒருநாள் தம்ளரை ரொம்ப நேரம் மூக்குல வச்சுக்கிட்டு நின்னாரு. கண்ணுல தண்ணி. நான் சும்மா ஒரு தட்டு தட்டுனேன். அவரு சிலுவை போட்டாரு. அடுத்ததுக்கு ரெண்டு தட்டுனேன், வட்டம் போட்டாரு. அப்படியே ஓடுச்சு. ஞாயித்துக்கெழமை நான் முன்னாடியே பாத்து வச்சுக்குவேன், திங்கக்கெழமை அவரு வந்து பாப்பாரு” என்றான். நீங்கள் ஊரில் இல்லாதபோதும் ஞாயிறு தவறாமல் போயிருக்கிறான். நான் மெழுகு வைத்துப் பிடித்தது அதைத்தான்.

குறியை ஏன் அழித்தாய் என்றதற்குச் சுத்தியலைப் பொறுக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான். நானே அரிக்கேன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். சாக்பீஸ் போனாலும் மரத்தின் வரிகளுக்குள் வெள்ளை நிற்கிறது. 13-2-58, அதற்குக் கீழே சிலுவை. கமீலின் சிலுவை கூட்டல் குறி மாதிரி இருக்கும், கால் நீண்ட சிலுவை போடுவது இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான். தட்டுவதற்கு ஆள் இல்லாத இரண்டு நாளில் நீங்களாகப் போட்ட சிலுவை. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அதைப் பார்த்து, யார் கண்ணிலும் படக் கூடாது என்று துடைத்திருக்கிறான். அதற்குத்தான் நான் அவனை இரண்டு வாரம் திருடனாகப் பார்த்தேன்.

உன்னை வெளியே அனுப்பச் சொல்லி முதலாளி எழுதியது தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அதட்டினேன். “தொறந்து என்ன சொல்றது? அவரு மூக்கு போச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா அவருக்கு என்ன மிச்சம் இருக்கு? எனக்காச்சும் ரெண்டு கை இருக்கு, எங்கியாவது மூட்டை தூக்குவேன்” என்றான். உடனே, “நான் ஒண்ணும் சொல்லலீங்க, முதலாளியம்மா. நான் சொன்னேன்னு மட்டும் எழுதிடாதீங்க” என்று கெஞ்சினான். நீ ஒன்றும் சொல்லவில்லை, நானாக மோப்பம் பிடித்தேன் என்றேன்.

இனி என் பேச்சு. உங்கள் மூக்கு போனதற்கு எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. காய்ச்சல் கொண்டுபோனதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? என்னிடம் ஒளித்ததற்குக் கோபம் உண்டு, அதை நேரில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ரகசியம் தெரிந்த ஒரே மனிதன் என்பதற்காக, ஐந்து பிள்ளைகளோடு ஒருவனைத் தெருவில் நிறுத்தச் சொல்லி, அதையும் என் கையால் செய்யச் சொன்னீர்களே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. பயம் அப்படி எழுத வைத்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பொய்யாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்.

ஃபிர்மினை இன்று காலை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேன். உங்கள் ஆளை வேறு ஆலையில் சேருங்கள் என்றேன். “அண்ணன் சொன்னது?” என்றார். அண்ணன் வந்து சொல்வார் என்றேன். ஸுல்மாவிடம் பாத்திரத்தைக் கட்ட வேண்டாம் என்று சொன்னேன். நம்பவில்லை, கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். என் பேச்சுக்கு அவளிடம் மதிப்பில்லை, இருக்க நியாயமும் இல்லை. மெலனியின் நாற்பது புட்டிக்கு நாற்பது நல்ல புட்டி அனுப்பிவிட்டேன். கலவை எப்படிக் கெட்டது என்று கேட்டாள். அந்த இரண்டு நாள் எங்கள் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவள் நம்பவில்லை. பரவாயில்லை, சந்தேகப்படுவதில் அவள் என் தங்கை.

சூசையப்பர் திருநாளுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. உங்கள் நெஞ்சு ரயிலில் வரும் அளவுக்குத் தேறிவிட்டது என்று மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன், அவருக்குத் தொலைபேசியே போட்டேன், யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும். புதன்கிழமை மத்தியான ரயிலுக்கு வந்தால் ஹாலே நிலையத்தில் நான் நிற்பேன். கொஞ்சம் தைலம் மிச்சம் இருக்கிறது. பூசிக்கொள்ளப்போவதில்லை, வீண்.

கடைசியாக ஒன்று. முதலாளிக்குக் கடிதம் எழுதப்போகிறேன், நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கமீலைக் கேட்டேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் அப்படியே எழுதிவிடுவது என்றும் இருந்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றினான். “பதினோராம் பீப்பாய் ரொம்ப நல்லா வந்திருக்குன்னு சொல்லுங்க. அது ஒரே தட்டுதான்னு சொல்லுங்க” என்றான்.

சொல்லிவிட்டேன். ஆண்டவர் உங்களை வழியில் காக்கட்டும். மீதியை நீங்களே அவன் முன்னால் நின்று கேளுங்கள், வலேர். வந்து கேளுங்கள்.

என்றும் உங்கள்
ஒடில்